முதுசொம்

முன்னோர் இறந்தபின் அவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கிவரும் சொத்துக்கு யாழ்ப்பாணத் தமிழர் வழங்கும் பெயர் முதுசொம். அது காணியாக இருக்கலாம். பனங்கூடலாக, கிணற்றுப் பங்காக, அட்டியலாக, செம்புக்குடமாகவும் இருக்கலாம். எழுத்தில் முதுசொம் என்று வரும் சொல் பேச்சில் ஒகரம் தேய்ந்து முதுசம் என்று ஒலிக்கும். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்து என்றும் பிதுரார்ஜிதம் என்றும் சொல்லுமிடத்தில் யாழ்ப்பாணத்தார் இந்த ஒரு சொல்லைப் போடுவர். அங்கே அது ஊர்ச்சொல்லாகவும் சட்டச்சொல்லாகவும் ஒருசேர வாழ்ந்திருக்கிறது.

சொல்லின் முன்பாதி தமிழ். மூதூர், மூதாதை, முதுமொழி, முதுகுடி என்னும் சொற்களில் பழமையையும் மதிப்பையும் சேர்த்துத் தருகிற ‘முது’தான் இங்கேயும் நிற்கிறது. பின்பாதியான ‘சொம்’, ‘தன்னுடையது’ என்று பொருள்படும் வடமொழி ஸ்வம் என்பதன் தமிழ் வடிவம். ஸ்வப்னம் சொப்பனமானதும் ஸ்வர்க்கம் சொர்க்கமானதும் இதே வழியில்தான். சொத்தும் சொந்தமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. எனவே எழுத்துப் பொருள் ‘பழைய உடைமை’.

வழக்கில் அந்தப் பழமை பொருளின் வயதைச் சுட்டுவதில்லை. நூறு வருடம் நின்ற மாமரத்தோடு ஒருவர் ஒரு வளவை விலைக்கு வாங்கினால் அது அவருக்கு முதுசொம் ஆகாது. தந்தை போன வருடம் வாங்கிய மோதிரம், இந்த வருடம் அவர் இறந்து மகன் கைக்கு வந்தால், அன்றே முதுசொம் ஆகிவிடும். பொருள் எவர் கையிலிருந்து எப்படி வந்தது என்பதையே சொல் குறித்து வைத்திருக்கிறது. அகராதிகள் ஒற்றை வரியில் பொருள் சொல்லிக் கடந்துவிடுவதால் இந்த நுட்பம் வெளியே தெரிவதில்லை. சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருந்ததுமில்லை.

1960-களில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நாற்சார் வீடு ஒன்றில் வளர்ந்த ஒரு பையன், பள்ளிக்கூடம் போகுமுன்பே இதைத் தெரிந்துகொண்டான். வாரத்தில் ஒருநாள் அவனுடைய ஐயா சைக்கிளில் தம் சொந்த ஊருக்குப் போவார். எங்கே போகிறார் என்று கேட்ட பிள்ளைக்கு அம்மா அடுப்படியில் இருந்தபடியே சொன்ன பதில் இது: “அது ஐயாவின்ர முதுசம், மேனை. இந்த வீடு என்ர சீதனம். தோட்டம்தான் நாங்கள் ரெண்டு பேரும் தேடினது.” ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதும் இந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டம் நிற்பதும் இதே மூன்று தூண்களின் மேல்தான்.

சீதனம் என்பது பெண் கல்யாணத்தின்போது கொண்டுவருவது. ஸ்திரீ, தனம் என்னும் இரண்டு வடசொற்கள் சேர்ந்த ஸ்திரீதனம் தமிழில் இப்படிச் சுருங்கியது. மலையாளத்தில் இன்றும் அது ஸ்த்ரீதனம்தான். பெண்ணுக்கு உரிய உடைமையை மனுஸ்மிருதி ஆறு வகையாகப் பிரிக்கிறது: வேள்வித் தீயின் முன் தரப்பட்டது, மணப்பெண்ணாகப் புறப்படும்போது தரப்பட்டது, அன்பினால் தரப்பட்டது, தாய் தந்தது, தந்தை தந்தது, உடன்பிறந்தான் தந்தது. வழியைப் பார்த்துப் பெயர் வைக்கும் பழக்கம் அங்கேயும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய வழக்கில் மகளுக்கு மணத்தின்போது கொடுக்கும் நிலம் மஞ்சட்காணி எனப்பட்டது. அந்தச் சொல் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. சீதனம் மறையவில்லை, மணமகன் வீட்டார் கேட்டு வாங்கும் தொகையின் பெயராகப் பல இடங்களில் சீரழிந்தது. பெண்ணின் உடைமை என்று பிறந்த சொல் பெண்ணைப் பெற்றவர்களின் பாரம் என்று பொருள் மாறியது, தமிழ்ச் சொற்களுக்கு நேர்ந்த துயரங்களில் ஒன்று. யாழ்ப்பாணத்திலும் சீதனத்துக்கு வெளியே மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்குப் போகும் பணம் ஒன்று உண்டு. அதற்கு ‘டொனேசன்’ என்று தனிப்பெயர் வைத்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது என்பதில் ஊர் உறுதியாக இருந்தது.

மூன்றாவது, தேடிய தேட்டம். ஓடு என்பதிலிருந்து ஓட்டம் வந்ததுபோல் தேடு என்பதிலிருந்து தேட்டம். மூன்றில் முழுக்கத் தமிழாக இருப்பது இதுதான். கணவனும் மனைவியும் கூடி வாழும் காலத்தில் உழைத்துச் சேர்த்ததை இது குறிக்கும். மேலே சொன்ன வீட்டில் அது ஐயாவின் வாத்தியார்ச் சம்பளத்திலும் அம்மா ஆடு வளர்த்த காசிலும் வாங்கிய நாலு பரப்புத் தோட்டம். யாழ்ப்பாணத்துக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர்.

இந்தப் பாகுபாடு எழுத்தில் ஏறியது டச்சுக்காரர் காலத்தில். ஆளுநர் கோர்னெலிஸ் ஜோன் சிமொன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவை என்னும் நிர்வாக அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அந்த நாட்டு வழமைகளைத் தொகுத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, வழமையறிந்த 12 முதலியார்களிடம் காட்டப்பட்டு, 1707-இல் ஒப்புதல் பெற்றது. தேசவழமை என்று பெயர் பெற்ற அந்தத் தொகுப்பின் முதற்பகுதியே சொத்தும் வாரிசும் பற்றியதுதான். பழங்காலத்தில் ஆண் மணத்துக்குக் கொண்டுவந்தது முதுசொம் என்றும், பெண் கொண்டுவந்தது சீதனம் என்றும், மணத்தின் பின் சேர்ந்தது தேடிய தேட்டம் என்றும் அது வகுக்கிறது. தந்தையின் முதுசொம் ஆண் பிள்ளைகளுக்கு. தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்கு. தேட்டத்தில் இரு பாலாருக்கும் பங்கு. போர்த்துக்கேயர் காலத்தில் இந்த ஒழுங்கு தளர்ந்து, மகளின் சீதனத்தைத் தாய் தந்தை இருவர் சொத்திலிருந்தும் கொடுக்கும் பழக்கம் புகுந்தது என்பதையும் அதே தொகுப்பு பதிவு செய்கிறது.

தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று ஓடும் சீதனத்தின் வழி, அறிஞர்களைப் பலவாறு சிந்திக்க வைத்தது. யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களை விரிவாக ஆராய்ந்த எச். டபிள்யூ. தம்பையா, இதன் வேரைப் பெண்வழி வாரிசு முறையான கேரளத்து மருமக்கத்தாயத்தோடு தொடர்புபடுத்தினார். அந்த முடிவை ஏற்காதவர்களும் உண்டு. வேர் எதுவானாலும் விளைவு வீடுகளுக்குள் தெரிந்தது. வீடு பெண்ணுடையது, மணம் முடித்த ஆண் அங்கே வந்து சேர்பவன். வலிகாமத்து அந்த வீடு, அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு அவளுடைய தாய் கொடுத்தது, ஆச்சி தன் மகளுக்குக் கொடுத்தது. மகளுக்கு எழுதியபின் ஆச்சி, சாகும்வரை அங்கே வாழும் சீவிய உரித்தோடு பின்விறாந்தை அறையில் இருந்தாள். ஐயா அந்த வீட்டின் வேலியை அடைத்தார், கூரைக்கு ஓடு மாற்றினார், கிணறு இறைத்தார். ஆனாலும் முப்பது வருடத்தில் ஒருமுறைகூட ‘என்ர வீடு’ என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதில் மனக்குறையும் இருக்கவில்லை. ஊரிலிருந்த எல்லா ஆண்களும் அப்படித்தான் பேசினார்கள்.

அவருக்கென்று இருந்தது அந்த முதுசொம். ஏழு மைல் தள்ளி 16 பரப்புப் பனங்காணியும் அதன் மூலையில் ஒரு கிணறும். அவருடைய பாட்டனாருக்கு மூன்று ஆண் பிள்ளைகள், தந்தைக்கு நான்கு. ஆகவே ஐயாவின் கையில் வந்து நின்றது பிரிவிடாத 1/12 பங்கு. சைக்கிள் பாரில் மகனை இருத்திக்கொண்டு அங்கே போய் அவர் செய்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. வேலி ஓரமாக ஒருதரம் நடப்பார். விழுந்த கதியாலை நிமிர்த்துவார். பனைகளை எண்ணுவார், எண்ணிக்கை எப்போதும் ஒன்றாகவே இருந்தபோதும். பிறகு துலாவில் ஒரு வாளி தண்ணீர் இழுத்து முதலில் மகனுக்கு வார்ப்பார். “குடி, இது எங்கட தண்ணி” என்பார். வீட்டில் கேட்டிராத ஒரு குரல் அப்போது அவரிடமிருந்து வரும். முதுசொம் என்ற சொல்லை அந்த மகன் இன்றும் நினைப்பது அந்தக் குரலோடும், கொஞ்சம் சுண்ணாம்புக் கல் வாடை அடித்த அந்தத் தண்ணீரின் சுவையோடும்தான்.

தேசவழமை பிறப்பால் மட்டும் வாரிசை நிறுத்தவில்லை. பிள்ளையில்லாதவர் சுவீகாரம் எடுக்கவும் அது இடம் தந்தது. உற்றார் முன்னிலையில், வண்ணாரும் நாவிதரும் சாட்சியாக நிற்க, மஞ்சள் நீர் குடிப்பதே சடங்காக இருந்தது. குடித்து முடிந்தால் வந்த பிள்ளைக்கும் வாரிசுரிமை கிடைத்தது. இன்னொரு விதி சீதனக் காணியைப் பற்றியது. மணமாகி 10 ஆண்டுக்குள் அதைக் கையேற்க வேண்டும், தவறினால் உரிமை போய்விடும். பங்காளியும் அயலவரும் அறியாமல் காணியை விற்கக்கூடாது என்றும் விதி இருந்தது. டச்சுக் காலத்தில் அந்த அறிவித்தலைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாசித்தார்கள்.

ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். டச்சு ஏட்டின் வழியாக ஆங்கிலத்துக்குப் போன முதுசொம் ‘மொடேசியம்’ போன்ற ஒரு கோலத்தில் அச்சாகியது. தன் ஊர்க்காரர் பார்த்தால் அடையாளம் தெரியாத உருவம் அது. 1911-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்லின் எல்லையைத் திருத்தி வரைந்தது. தாய், தந்தை, அவர்களுக்கு மேற்பட்ட முன்னோர் ஆகியோர் இறப்பால் வருவது முதுசொம். மற்ற உறவினர் இறப்பால் வருவது உரிமை. ஆண் கொண்டுவருவது என்ற பழைய பொருள் இங்கே விலகியது. பெண்ணும் முதுசொம் உடையவள் ஆனாள். பிள்ளையின்றி இறந்தவரின் சொத்தில் தந்தைவழி வந்தது தந்தைவழியாருக்கும் தாய்வழி வந்தது தாய்வழியாருக்கும் திரும்பும் என்பதால், சொத்து வந்த வழியை மறக்கக்கூடாது என்னும் பழைய எண்ணத்தைப் புதிய சட்டமும் காப்பாற்றியது. தேடிய தேட்டத்தின் விதிகள் 1947-இல் மறுபடி திருத்தப்பட்டன. ஒருவர் இறந்தால் பாதி துணைக்கும் மீதி வாரிசுகளுக்கும் என்பது அதன் சாரம்.

அதே 1911 சட்டத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவன் கைவிட்டுப் போயிருந்தாலோ இருக்குமிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைப் பெற வேண்டும். வலிகாமத்து ஆச்சியின் தங்கைக்கு இதுவே நடந்தது. கணவர் மலாயாவுக்குப் போனார். சில வருடத்தில் கடிதம் நின்றது. மூத்த மகளின் கல்யாணத்துக்காகத் தன் சீதனத்தில் இரண்டு பரப்பை விற்க அவள் நீதிமன்றப் படியேறி இறங்கிய மாதங்களைப் பற்றி, எண்பது வயதிலும் சொல்லும்போது அவளுக்குக் குரல் நடுங்கும். “என்ர அம்மா எனக்குத் தந்த காணி. அதை விக்க ஆற்றையோ கையெழுத்து” என்பாள். சீதனம் என்ற சொல்லின் வேரில் பெண் இருக்கிறாள். சட்டம் அவளைப் பாதி வழியில் நிறுத்தி வைத்தது அநீதி. அந்தக் கிழவியின் கோபம் எந்தச் சட்டநூல் உரையையும்விடச் சரியாக அதைச் சொன்னது.

இந்தச் சொற்கள் எல்லாம் கடைசியில் காகிதமாகி அந்த வீட்டில் ஒரு றங்குப்பெட்டிக்குள் கிடந்தன. காணிப் பத்திரத்துக்கு யாழ்ப்பாணத்துப் பெயர் உறுதி. உறுதியைச் சுற்றி நிற்கும் சொற்களில் பல கடல் கடந்து வந்தவை. எழுதுகிற நொத்தாரிசும் பதிகிற கந்தோரும் டச்சு வழியாகவும், காணிகளின் பழைய இடாப்பான தோம்பு போர்த்துக்கேயத்திலிருந்தும் வந்தன. எழுதும் ஆளும் இடமும் ஏடும் அந்நியப் பெயர் பூண்டபோது, எழுதப்படும் பொருள்கள் முதுசொம், சீதனம், தேட்டம் என்றே நின்றன. ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு. வளவு, கலட்டி, புலம், சீமா, அடைப்பு என்று முடியும் பெயர்கள். கலட்டி என்றால் கல் நிலம், புலம் என்றால் விளைநிலம் என்று மண்ணின் குணமும் அதில் தெரியும். உறுதியில் முதலில் காணியின் பெயர், பிறகு நாற்புறத்து எல்லை, பிறகு அது யாரிடமிருந்து எந்த வழியில் வந்தது, கடைசியில் கிணற்றுப் பங்கும் வழியும் வாய்க்காலும். ஆச்சிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் பெட்டியிலிருந்து எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அதன் நிறத்தையும் மடிப்பையும் பார்த்து, எந்தக் காணி, எவருடைய வழி என்று சொல்லிவிடுவாள்.

1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி, போர் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் ஆயிரமாயிரம் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த வீட்டிலிருந்து போனவர்கள் கையில் அரிசி கொஞ்சம், மாற்றுடுப்பு, சுவாமிப்படம் ஒன்று, பொலித்தீன் பையில் சுற்றிய உறுதிகள். றங்குப்பெட்டி கனம் என்று விட்டுவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் எடுத்தார்கள். இப்படி உறுதிகளைச் சுமந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர். வலிகாமம் வடக்கில் 1990-இலேயே வெளியேறியவர்கள் அதற்கு முன்பே ஐந்து வருடம் அப்படிச் சுமந்திருந்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் காணாத காணியின் பெயரைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

திரும்பி வந்தபோது வேலி இல்லை. கிளுவையும் பூவரசும் வெட்டப்பட்டோ பட்டோ போயிருந்தன. எல்லைக் கற்கள் புல்லுக்குள் புதைந்திருந்தன. உறுதியில் எழுதியிருந்த எல்லைகளில் பாதிக்கு மேல் அயலவர் பெயர்கள், அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும். அப்போது ஊரின் வயதான பெண்களைத் தேடிப் போனார்கள். இந்தப் பனைக்கும் அந்தப் பனைக்கும் நடுவில் நேராகப் பிடி என்று கதிரையில் இருந்தபடியே கைநீட்டிக் காட்டிய பெண்கள் பலர் வலிகாமத்தில் இருந்தார்கள். நிலஅளவையாளரின் கோடு அநேகமாக அந்தக் கையை ஒட்டியே போனது.

மற்றொருவர் 10 ஆண்டு தடையின்றி ஆண்டால் காணி அவருக்கே என்பது 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின் விதி. போரால் ஓடியவர்களுக்கு அந்த 10 ஆண்டு எமனாக வந்தது. 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போர் காரணமாகத் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ண முடியாமல் செய்தது. வர வேண்டிய காலத்துக்கு வெகு பின்னால் வந்த சட்டம், ஆனாலும் வந்தது.

போர் ஆண்டுகளில் முதுசொம் என்ற சொல்லின் பொருள் விரிந்தது. காணியிலிருந்து கழன்று, ஏடு, கூத்து, பழைய பாட்டு, அவற்றைத் தெரிந்த முதியவர் ஆகிய எல்லாவற்றையும் ஈழத்து இதழ்கள் முதுசொம் என்று எழுதலாயின. 1981 மே 31 இரவு தீவைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அவற்றை நினைத்து எழுதியவர்களுக்குச் செல்வம், பொக்கிஷம் என்னும் சொற்கள் போதவில்லை. ஒருவருக்கு என்று இல்லாமல் ஊருக்கே இறங்கி வந்த சொத்து என்று சொல்ல அவர்களுக்கு இந்தச் சொல் தேவைப்பட்டது. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களை மின்னுருவாக்கி வருவதை முதுசொம் காக்கும் பணி என்று பேசுவது இன்று இயல்பாகிவிட்டது. அரசாங்கத் தமிழ் இதே பொருளுக்கு மரபுரிமை என்கிறது. துல்லியமான சொல்தான், ஆனால் இறந்தவர் ஒருவரின் முகம் அதில் தெரிவதில்லை.

உடம்போடும் குணத்தோடும் இறங்கிவருவதற்கு யாழ்ப்பாணத்தில் வேறு சொல் உண்டு: பரவணி. தலைமுறை என்பதும் தலைமுறையாக வருவது என்பதும் அதன் பொருள். சிங்களத்தில் பரம்பரைக் காணியைக் குறிக்கும் பரவேணி இதன் உறவுச் சொல். ஒரு மொழி அதைக் காணிக்கு வைத்துக்கொண்டது, மற்றது ரத்தத்துக்கு. தந்தையின் நோய் மகனுக்கு வந்தால் பரவணி நோய் என்பார்கள். பாட்டுக் குரலும் கோபமும் பரவணியாக வரும். முதுசொத்தை விற்கலாம், ஈடு வைக்கலாம், இழக்கலாம். பரவணியை அப்படிச் செய்ய வழியில்லை என்பதால் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லப் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது.

வலிகாமத்து ஐயா 2003-இல் இறந்தார். வீடு முன்பே மகளுக்குச் சீதனமாகப் போயிருந்தது. மகளும் அதைத் தன் மகளுக்கென்று வைத்திருக்கிறாள். தோட்டத்தில் பாதி அம்மாவுக்கு நின்றது. ஏழு மைல் தள்ளியிருந்த பனங்காணியில் ஐயாவின் 1/12 பங்கு இரண்டு ஆண் பிள்ளைகளுக்கும் பிரிந்து, சைக்கிள் பாரில் போன மகனுக்கு 1/24 ஆக வந்தது. பரப்பில் மூன்றில் இரண்டு. ஷெல் விழுந்து பனைகளில் பாதிக்குத் தலை இல்லை. துலாவும் இல்லை, கிணறு தூர்ந்து, உள்ளே எருக்கலை வளர்ந்திருந்தது. உறுதி எழுதியபோது, தூர்ந்த கிணற்றை விட்டுவிடலாமா என்று நொத்தாரிசு கேட்டார். மகன் எழுதச் சொன்னார். தந்தைவழி முதுசொமாக வந்த பிரிவிடாத 1/24 பங்கு, அதே அளவு பங்கு கிணறு, அதற்கான வழி, வாய்க்கால்.